மரகதத்தின் பெயரில் ஒரு குளவி

ஓய்,

இன்று காலை குளிருக்குப் போர்த்தும் பஞ்சு ரஜாயை வெயிலில் போடுவதற்காக இரும்புப் பெட்டியைத் திறந்தேன். மூடி முழுதாய் நிமிர்வதற்குள் நீர் வெளியே வந்துவிட்டீர். அந்துருண்டை வாசனைதான். ஊருக்கு அது பூச்சி மருந்து. எனக்கு அது இருபத்தெட்டு வருஷம் ஆறடி தள்ளி உட்கார்ந்திருந்த உம்முடைய சட்டை, உம்முடைய கைக்குட்டை, நீர் பாதி வைத்துவிட்டு மூடும் உம்முடைய மதியச் சோறு. குளிர் தொடங்கும் இந்த வாரத்தில் டெல்லி மயூர் விஹாரில் ஒவ்வொரு பால்கனியிலும் கம்பளி தொங்குகிறது. எங்கள் வாசலில் தொடங்கி மெட்ரோ நிலையம் வரை நீரே மணக்கிறீர். செத்துப்போய் ஒன்பது மாதத்தில் இவ்வளவு பெரிய பரப்பை ஆள்வதற்கு முகலாயர்களுக்கும் கொடுத்து வைக்கவில்லை.

உம்மைப் போற்றிப் பாட இதை எழுதவில்லை. போனவர்களைக் குறை சொல்லக் கூடாது என்று எனக்கும் சொல்லித்தான் வளர்த்தார்கள். நான் சொல்லத்தான் போகிறேன். பதில் பேச முடியாத இடத்தில் நீர் இருப்பது எனக்கு வசதி. பேச முடிந்த இடத்தில் எட்டு வருஷம் உட்கார்ந்துகொண்டு பேசாமல் இருந்தீரே, அந்தக் கணக்கு எனக்கு இன்னும் ஆறவில்லை.

உம் மகள் நித்யா போன ஞாயிற்றுக்கிழமை வந்தாள். உம் பெட்டியைக் குடைந்தபோது கிடைத்தது என்று ஒரு தீப்பெட்டியைக் கொண்டுவந்தாள். அதைப் பற்றிச் சொல்லத்தான் இத்தனை பெரிய மடல். ஆனால் இதை அவளுக்கு நான் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும். டெல்லியில் பிறந்த பிள்ளை, தமிழை வாயால் பேசுவாள், கண்ணால் படிக்க மாட்டாள். ஆகவே உமக்குத் தெரிந்ததையும் முதலிலிருந்து சொல்கிறேன். சக்கரவர்த்திக்கே அவருடைய ராஜ்யத்தின் படத்தை விரித்துக் காட்டுகிறான் என்று சிரித்துக்கொள்ளும்.

கேள் நித்யா. உன் அப்பாவும் நானும் ஓர் அரசாங்கப் பூச்சிக் காப்பகத்தில் குளவிகளுக்குப் பெயர் வைக்கும் உத்தியோகத்தில் இருந்தோம். உலகத்தில் இப்படியும் ஓர் உத்தியோகமா என்று கேட்காத வீட்டுக்காரரோ ஆட்டோக்காரரோ டெல்லியில் இல்லை. எங்களுக்கு வாய்த்த குடும்பம் மியூட்டில்லிடே. இதில் பெண்ணுக்குச் சிறகே கிடையாது. உடம்பெல்லாம் பட்டு ரோமம், சிவந்த மார்பு, கறுத்த வயிற்றில் வெள்ளைப் பொட்டு. மணலில் ஓடினால் எறும்பு என்றுதான் யாரும் சொல்வார்கள். வெல்வெட் எறும்பு என்றே பட்டப்பெயர். ஆண் வேறு பிறவி. நான்கு சிறகு, கறுத்த உடம்பு, பூவுக்குப் பூ பறப்பான். இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரே தெருவில் குடியிருப்பவர்கள் என்றுகூட நம்ப மாட்டாய்.

பெண்ணின் பிழைப்பு கொடுமையானது. தரைக்குள் கூடு கட்டும் தேனீயின் வீட்டைத் தேடிப் பிடித்துத் தோண்டும். உள்ளே கூட்டுப்புழுவாய்த் தூங்குகிற பிள்ளையின் மேல் ஒரு முட்டை வைக்கும். வாசலை மறுபடி அடைத்துவிட்டுத் தன் வழியே போய்விடும். முட்டையிலிருந்து வருவது அந்தப் பிள்ளையைத் தின்று வளர்ந்து, அதே அறையில் கூடு சுற்றிப் படுத்து, ஒருநாள் கதவை உடைத்துக்கொண்டு வெளியே வரும்.

அதன் உடம்புக் கெட்டியை மட்டும் சொல்லிவிடுகிறேன். காய்ந்த பூச்சியை ஊசியில் குத்தி வைப்பது எங்கள் வழக்கம். இதைக் குத்தினால் எஃகு ஊசி வளையும். நான் ஒரே பெண் குளவியிடம் பதினேழு ஊசி தோற்றிருக்கிறேன். பதினெட்டாவது ஊசி மேஜையைத் துளைத்தது, குளவியைத் துளைக்கவில்லை. செங்கோட்டைச் சுவரை இதன் முதுகால் கட்டியிருந்தால் டெல்லியின் சரித்திரமே வேறு திசையில் போயிருக்கும்.

சரி ஓய், இனி உம்மிடம் திரும்புகிறேன்.

ஆணும் பெண்ணும் இப்படி ஜாடையே ஒட்டாமல் இருப்பதால் நம் முன்னோர்கள் செய்த கூத்து உமக்குத் தெரியும். ஆண் கிடைத்தவர் ஆணுக்கு ஒரு பெயர் வைத்தார். பெண் கிடைத்தவர் பெண்ணுக்கு ஒரு பெயர் வைத்தார். யாருக்கு யார் துணை என்று ஒருவருக்கும் தெரியாது. கணவன் ஒரு பக்கத்திலும் மனைவி ஐம்பது பக்கம் தள்ளியும் அச்சில் கிடந்தார்கள். இணைந்திருக்கும்போது கையும் களவுமாகப் பிடித்தால்தான் ஜோடி உறுதியாகும். அப்படி உறுதியானால் எது முதலில் வைத்த பெயரோ அதுவே நிற்கும், பிந்திய பெயர் விழும். எனக்கென்று ஒரு பெண் பார்க்கத் துப்பில்லாத நான், ஆயிரக்கணக்கான குளவிகளுக்கு வரன் பார்த்துக் காலம் கழித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? யமுனைக் கரையில் வெள்ளரிப் பாத்திகளுக்கு அப்பால் மணல் திட்டு. நீர் வலையைத் தோளில் சார்த்தி ராமபாணம் போலப் பிடித்துக்கொண்டு நடந்தீர். பின்னால் நான். எனக்குப் பின்னால் சாப்பாட்டுப் பையோடு உம் மனைவி மரகதம். நித்யா அப்போது மணலில் உருள்கிற வயசு.

"இங்க பாருங்ணா, செவப்புப் பட்டு உடுத்துன எறும்பு" என்றாள் மரகதம்.

நான் எட்டிப் பார்த்தேன். ஏழெட்டு வருஷ அனுபவம் கண்ணை மறைத்தது. எறும்புதான் என்று விரலை நீட்டினேன்.

"ஏனுங் அண்ணாச்சி, கையை எடுங். அது எறும்பில்லீங்!" என்று கத்தினீர்.

"என்ன வே, எறும்பப் பாத்தா பயப்படுதீரு?" என்றேன். அடுத்த கணம் கொட்டிவிட்டது. அந்த வலியில் எனக்குத் தெரிந்த மூன்று மொழிகளிலும் அலறித் தீர்த்து, நான்காவதாக ஒன்றை அங்கேயே உண்டாக்கினேன். கரைக்கு அந்தப் பக்கம் மேய்ந்த எருமைகள் தலை தூக்கிப் பார்த்தன. மரகதம் சிரித்த சிரிப்பில் சாப்பாட்டுப் பை சரிந்தது. ஆனாலும் அவள்தான் எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்த சின்ன டப்பாவைக் காலிசெய்து, கவிழ்த்து மூடி, அந்தப் பெண்ணரசியைப் பிடித்தாள். டப்பாவைக் காதருகே வைத்துக்கொண்டாள். உள்ளே கீச் கீச் என்று சத்தம்.

"அது என்னமோ பேசுதுங்ணா" என்றாள்.

பிடித்தால் வயிற்றை உரசிச் சத்தம் போடும் என்று நீர் விளக்கம் சொன்னீர். அவள் காதில் ஏறவில்லை. வீடு வந்து சேரும் வரை அதோடு பேசிக்கொண்டே வந்தாள்.

ஆறு மாதம் நீர் நுண்ணோக்கியை விட்டு எழவில்லை. எந்தப் பட்டியலிலும் இல்லாத பெண். புது இனம் என்று முடிவு செய்து எழுதினீர். கண்டெடுத்தவள் பெயரையே அதற்கு வைத்தீர். கட்டுரை அச்சாகி வந்த அன்று சாயங்காலம் நானும் உம் வீட்டில் இருந்தேன். மரகதம் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அந்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் படித்தாள்.

"இதென்னங், என்ற பேருக்குப் பின்னால உங்க பேரு நிக்குது?"

"பேரு வெச்சவன் பேரைப் பின்னால போடுறது வழக்கமுங்" என்றீர்.

அவள் மறுபடி அந்த எழுத்துகளில் விரலை ஓட்டினாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பாருங்ணா. வாசல் பலகையில அவுங்க பேரு. கேஸ் புக்குல அவுங்க பேரு. பள்ளிக்கூடத்துல என்னைய நித்யா அம்மாங்கறாங்க. இதுலதான் மொதல்ல நானு, பொறவு அவுங்க."

மறுநாளே அந்தப் பக்கத்தைக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் கடிகாரத்துக்குக் கீழே மாட்டினாள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாளைக் கூட்டிவந்து, "தேக்கோ, மேரா நாம்" என்று தன் பெயரைக் காட்டினாள். அவளுக்குத் தெரிந்த இந்தியில் பாதி அதற்கே செலவானது.

ஞாயிறு தவறாமல் எனக்கு உம் வீட்டில்தான் சோறு. நான் மூன்றாம் முறை குழம்பு கேட்கும்போது மரகதம் என்னை "ஒட்டுண்ணி அண்ணா" என்பாள். ஒருநாள் நீர் வகைப்பாட்டுக்காரராயிற்றே, சும்மா இருக்கவில்லை. "அப்படிச் சொல்லாதீங் மரகதம். ஒட்டுண்ணின்னா வீட்டுக்காரனை உசுரோட வெச்சுத் திங்கும். நம்ம குளவி அந்த வகையில்ல. அது தின்னு முடிக்கறப்ப வீட்டுக்காரன் இருக்கமாட்டான்."

"அப்ப அண்ணன் எந்த வகைங்?"

"அண்ணாச்சி வெறும் ஒட்டுண்ணிதான், பயப்படாதீங்" என்றீர். மூன்று பேரும் சிரித்தோம். நான் எந்த வகை என்று சரியாகப் பிரித்தறிய உமக்கு இன்னும் சில வருஷம் ஆனது.

இனி என் புண்ணைத் திறக்கிறேன். நம் தொழிலில் யாரும் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளக் கூடாது. எழுதப்பட்ட சட்டம் இல்லை, ஆனால் வைத்துக்கொண்டவனை ஒருவரும் மதிக்க மாட்டார்கள். அடுத்தவன் மனசு வைத்து வைத்தால்தான் உண்டு. அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்திலேயே நாம் ஒப்பந்தம் போட்டோம்: நீர் எனக்கு ஒன்று, நான் உமக்கு ஒன்று. என் பங்கை நான் மூன்றாம் வருஷமே முடித்துவிட்டேன். உம் பெயரில் ஒரு கறுப்புக் குளவி ராஜஸ்தானில் இன்றும் பறக்கிறது. நீர் நாற்பது இனத்துக்குப் பெயர் வைத்தீர். ஊர் பெயர், மலை பெயர், உம்முடைய கல்லூரி ஆசிரியர் பெயர், ஒருமுறை பென்ஷன் வாங்கிய டிரைவர் பெயர். எனக்கு ஒன்றும் இல்லை.

"ஏன் வே, எனக்கு ஒரு பூச்சிக்கு வழியில்லையா?" என்று கேட்டால், "உங்களுக்குத் தகுந்த பூச்சி இன்னும் பொறக்கலீங் அண்ணாச்சி. பொறந்தா அதுக்கு வாயை மட்டும் தனி ஊசியில குத்தோணும்" என்பீர். அறையே சிரிக்கும். நானும்தான் எல்லோரையும் விட உரக்கச் சிரித்தேன். உரக்கச் சிரிப்பவனுக்கு வலிக்காது என்று நீர் எப்படி முடிவு செய்தீர்?

பிறகு ஒரு மழைக்காலத்தில் ஞாயிற்றுச் சோறு நின்றது. "இந்த வாரம் வேண்டாங் அண்ணாச்சி, மரகதத்துக்கு ஒடம்பு சொகமில்ல, ரத்தக் கொறைவு" என்றீர். அடுத்த வாரமும் அதையே சொன்னீர். மாதம் ஆனது. பிறகு நீர் சொல்வதை நிறுத்தினீர், நான் கேட்பதை நிறுத்தினேன். ரத்தக் குறைவு என்றால் கீரை தின்றால் போகிற சமாசாரம் என்று நினைத்தவன் நான். என்னைக் கழற்றிவிட்டார்கள் என்று முடிவுகட்டினேன். நாலு தெரு நடந்து வந்து கதவைத் தட்டியிருக்கலாம். தட்டவில்லை. இந்திரப்பிரஸ்தத்தின் மாபெரும் விருந்தாளி, அழைப்பில்லாமல் வருவதாவது!

இரண்டு வருஷம் இப்படிப் போனது. அப்போதுதான் டெல்லி ரிட்ஜ் காட்டில் எனக்கு அது கிடைத்தது. கீக்கர் என்கிற கருவேல மரத்தடியில் கறுப்பு ஆண் ஒன்று தாழப் பறந்து வந்தது, எதையோ சுமந்துகொண்டு. வலையை வீசினேன். சிறகுள்ளவன் சிறகில்லாதவளைத் தூக்கிக்கொண்டு பறந்திருக்கிறான், இணைந்தபடியே. பெண் யார் என்று பார்த்தேன். சிவந்த பட்டு. கறுத்த வயிற்றில் வெள்ளைப் பொட்டு. மரகதம். ஆண் யார் என்றும் எனக்குத் தெரியும். நூறு வருஷத்துக்கும் முன்னால் ஒரு வெள்ளைக்காரத் துரை ஒற்றை ஆணை வைத்துப் பெயர் சூட்டிவிட்டுப் போன இனம். பழைய பெயர் நிற்கும். மரகதம் விழுவாள்.

உயிரோடு இருக்கிற ஒருவர் வைத்த பெயரைக் கவிழ்க்கும் முன், அவரிடம் ஒரு வார்த்தை சொல்வது நம் தொழிலின் மரியாதை. நீர் ஆறடி தள்ளி இருந்தீர். நான் அந்த ஜோடியை ஹிந்தி செய்தித்தாளால் மூடி வைத்துக்கொண்டு எழுதினேன். உண்மைக்காக எழுதினேன் என்று பிறகு ஊரெல்லாம் சொன்னேன். உண்மை பாதிதான் இருந்தது. மீதிப் பாதியில் நீர் எனக்கு வைக்காத பெயரும், நின்றுபோன குழம்பும் இருந்தன. நாற்பது பெயர் வைத்தவருடைய ஒரு பெயரையாவது சாய்க்கிறேன் பார் என்று இருந்தது. எனக்கு ஐம்பதைத் தாண்டிய வயசு. அதிலும் மனசு அவ்வளவு சின்னதாகத்தான் இருந்தது.

அச்சாகி வந்ததும் நான் செய்ததுதான் என் வாழ்நாள் சாதனை. பக்கத்து மேஜைக்குக் கை நீட்டிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. எனக்கு ஒரு பழக்கம் இருந்ததே, பிறந்தநாளோ பொங்கலோ வந்தால் உம் வீட்டு முகவரிக்குப் பட்டயம் போலக் கடிதம் அனுப்புவேன். உறையின் மேல் "குளவிக் குலதிலகம், யமுனைக்கரை வேந்தர், மாட்சிமை தங்கிய இன்னார் சமூகத்துக்கு" என்று எழுதுவேன். மரகதம்தான் அதைப் பிரிக்கச் சொல்லி, படிக்கச் சொல்லி, வயிறு வலிக்கச் சிரிப்பாள். அதே உறை, அதே பட்டம், அதே பச்சை மை. உள்ளே அந்தக் கட்டுரை.

நீர் ஒரு வாரம் லீவில் இருந்தீர். திரும்பி வந்த அன்று என் மேஜைமேல் கட்டுரையை வைத்தீர். "சரியாத்தானுங் இருக்குது" என்றீர். அவ்வளவுதான். திட்டுவீர் என்று நான் பத்து நாளாக வசனம் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றையும் பேச விடவில்லை.

ஐந்தாம் மாதம் மரகதம் போய்விட்டாள். ஆபீஸ் பியூன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது, ரத்தத்தில் புற்று என்று, இரண்டு வருஷத்துக்கும் மேலாக என்று. யமுனைக் கரைச் சுடுகாட்டுக்கு வந்து ஓரமாக நின்றேன். நீர் என்னைப் பார்த்தீர். கிட்டே வந்தீர். "வாங்க சார்" என்றீர்.

இருபது வருஷ அண்ணாச்சியை ஒரே வார்த்தையில் சார் ஆக்கிவிட்டீர். எந்தக் குளவியும் அப்படிக் கொட்டியதில்லை, ஓய். அதற்குப் பிறகு எட்டு வருஷம் ஒரே அறை, ஒரே அலமாரி, ஒரே டப்பா அந்துருண்டை. "சார், சாவி." "சார், விளக்கை அணைச்சுடலாமா?" பிரிவுபசாரத்தில் மாலை போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றபோதும் சார். மார்ச் மாதத்தில் நீர் செத்த செய்திதான் உம்மிடமிருந்து எனக்கு வந்த கடைசித் தகவல் என்று நினைத்திருந்தேன், போன ஞாயிறு வரை.

நித்யா செருப்பைக் கழற்றிவிட்டு நேராக வந்து தீப்பெட்டியை மேஜைமேல் வைத்தாள்.

"மாமா, அப்பாவோட ட்ரங்க்ல இருந்துது. உள்ள கீடா இருக்கு. தமிழ்ல ஏதோ எழுதியிருக்கு, எனக்குப் படிக்க வரல."

திறந்தேன். பஞ்சின் மேல் ஒரு பூச்சி அல்ல, இரண்டு. ஒரே ஊசியின் கீழ் ஆணும் பெண்ணும். பெண்ணின் மார்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது. ஊசியில் உம் கையெழுத்தில் நகத்தளவு சீட்டு. நான் பூதக்கண்ணாடி எடுத்தேன்.

"யமுனைக் கரை. இணைந்திருக்கையில் பிடித்தது" என்று வாசித்தேன். தேதியையும் வாசித்தேன். ஞாயிற்றுச் சோறு நின்ற அதே மழைக்காலம். எனக்குக் கிடைப்பதற்கு இரண்டு வருஷம் முன்னால்.

"பின்னாடியும் இருக்கு மாமா."

இருந்தது. நாற்பது இனத்துக்கும் ஆங்கிலத்தில் சீட்டு எழுதிய மனிதர், இதற்கு மட்டும் தமிழில் எழுதியிருந்தீர். அந்தக் கட்டடத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஊரிடமிருந்து மறைக்க எழுதினீரா, என் கண்ணில் பட்டால் படட்டும் என்று எழுதினீரா, அது இனி விளங்கப்போவதில்லை.

வாழ்க்கையில் எதையும் பத்து மடங்கு ஊதாமல் சொல்லாதவன், உள்ளதை உள்ளபடி வாசித்தேன்: "மரகதம் இருக்கும்வரை வேண்டாம்."

நித்யா பூதக்கண்ணாடியை வாங்கிப் பூச்சியைப் பார்த்தாள். "மத்லப், அதாவது அப்பாவுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

"உங்களுக்கு முன்னாடியே."

"ஆமா. எனக்கு முன்னாடியே."

ஓய், இதுதான் நான் உம்மேல் வைக்கும் குற்றம். ஒரு வார்த்தை. தேநீர் குடிக்கும்போது, "அண்ணாச்சி, மரகதம் பொழைக்க மாட்டா, இதைக் கொஞ்சம் ஆறப்போடோணும்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் அந்தக் காட்டில் கிடைத்த ஜோடியை முழுங்கியிருப்பேன், ஊசியோடு. என்னை அவ்வளவு அற்பன் என்று எப்போது வகைப்படுத்தினீர்? எத்தனை மாதிரிகளைப் பார்த்துவிட்டு அந்த முடிவுக்கு வந்தீர்? ஆனால் ஒன்று, முடிவு தவறென்று வாதாட என்னிடம் ஆதாரம் இல்லை. பச்சை மையில் நானே எழுதி அனுப்பியிருக்கிறேன்.

"அந்தக் கவரை நான்தான் பிரிச்சேன் மாமா" என்றாள் நித்யா. குரலில் கோபம் இல்லை. "அம்மா பெட்ல இருந்தாங்க. 'அண்ணன் லெட்டர் வந்துருக்குது, ஜல்தி படி'ன்னாங்க. நானும் ஜோக்னு நெனச்சுப் படிச்சேன். புரிஞ்சப்பறம் நிறுத்த முடியல."

"மரகதம் என்ன சொன்னா?"

"'அப்ப அது நானில்லியா?'ன்னு கேட்டாங்க. மறுநாள் அவங்களே எழுந்து வந்து அந்த ஃப்ரேமைக் கழட்டினாங்க. அந்த ஆணியில காலண்டர் மாட்டினாங்க."

"அப்பா?"

"அப்பா பாத்துட்டே நின்னாங்க."

நான் எழுந்து போய்ப் புதிய பட்டியல் நூலை எடுத்தேன். ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. பக்கத்தைத் திருப்பி அவளுக்குக் காட்டினேன். மேலே தடித்த எழுத்தில் துரை வைத்த பெயர். அதற்குக் கீழே கொஞ்சம் உள்ளே தள்ளி, சாய்ந்த எழுத்தில், மரகதத்தின் பெயர்.

நித்யா ஆங்கிலம் படிப்பாள். விரல் வைத்துப் படித்தாள். "இதுல இருக்கே! அழிச்சிட்டாங்கன்னுதானே எழுதியிருந்தீங்க?"

"அழிக்க மாட்டாங்க. விழுந்த பேரையும் கீழ எழுதித்தான் ஆவணும். இனிமே யார் பட்டியல் போட்டாலும் எழுதணும். அந்தப் பேரை அதே பேரினத்துல வேற பூச்சிக்கு வைக்கவும் முடியாது. அது அவளுக்குத்தான்."

"எப்பவுமா?"

"பூச்சிக்குப் பேரு வைக்கிறவன் உலகத்துல இருக்கிறவரைக்கும்."

அவள் நூலிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உம் கண் அவளுக்கு. "இதை அம்மாகிட்ட யாருமே சொல்லலியே, மாமா."

ஓய், இருபத்தெட்டு வருஷம் விழுந்த பெயர்களோடு குடித்தனம் நடத்தியவர்கள் நாம். விழுந்த பெயர் மறைவதில்லை என்பது நமக்கு மூச்சுவிடுவது போல. அதைப் போய் ஒரு தகவல் என்று யார் நினைப்பார்கள்? நான் கட்டுரையில் எழுதவில்லை, யாரும் எழுத மாட்டார்கள். நீர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொல்லவில்லை. அவள் கேள்வி கேட்டிருக்கிறாள், ஓய். நேராகவே கேட்டிருக்கிறாள். நீர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறீர். நான் நாலு தெரு தள்ளி மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் குளவிக் குடும்பத்தில் ஆசியாக் கண்டத்துக்கே இரண்டு நிபுணர்கள். இரண்டு பேரிடமும் அந்த ஒரு வரி இருந்தது. அவள் தன்னை அழித்துவிட்டார்கள் என்று நம்பிக்கொண்டே செத்தாள்.

போகும்போது நித்யா வாசலில் நின்று கேட்டாள்: "இந்த டப்பாவை என்ன செய்வீங்க?"

காப்பகத்தில் கொடுத்தால் முதலில் கண்டவர் நீர் என்று பதிவாகும். தெரிந்தும் மறைத்தவர் நீர் என்றும் பதிவாகும். கொடுக்காவிட்டால், நான் முதலில் கண்டுபிடிக்காத ஒன்றை முதலில் கண்டுபிடித்தவனாகவே நான் சாவேன். சீட்டை மட்டும் பிரித்தெடுக்கலாம் என்றால், பூச்சியிடமிருந்து சீட்டைப் பிரிப்பது நம் தொழிலில் கொலைக்குச் சமம். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன்.

"இங்கயே இருக்கட்டும் மாமா" என்றாள். லிஃப்ட் வந்துவிட்டது.

ஆகவே இங்கேயே இருக்கிறது. ரஜாயை எடுத்த கையோடு தீப்பெட்டிக்குள் ஒரு அந்துருண்டைத் துண்டை உடைத்துப் போட்டேன். இல்லாவிட்டால் ஒரு மழைக்காலத்தில் வண்டு தின்றுவிடும். இனி ஒவ்வொரு குளிருக்கும் போடுவேன். உம் பெருமையை நான் திருடியதாக இருக்கட்டும், நீர் மறைத்ததை நான் மறைத்ததாகவும் இருக்கட்டும். உம்மை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. நீர் என்னை மன்னித்ததாக அந்தச் சீட்டில் எங்கேயும் எழுதியிருக்கவுமில்லை.

பட்டியல் நூல் இதோ திறந்தபடியே கிடக்கிறது. இத்தனை நாளும் நான் அந்த வரியை முழுதாய் வாசித்ததில்லை. விழுந்த பெயர், பெயர் வைத்தவர், அதை விழச்செய்தவர் என்ற வரிசையில் அச்சிட்டிருக்கிறார்கள். முதலில் அவள். அவளுக்குப் பின்னால் நீர். உமக்குப் பின்னால், எனக்கு ஒரு பூச்சிக்கும் வழியில்லையா என்று கேட்டேனே, அந்த நான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு உட்கார்ந்தது போல மூன்று பேரும் ஒரே வரியில்.

கூடத்தில் யாரும் இல்லை. அதை ஒருமுறை உரக்க வாசித்தேன், மரகதத்துக்குக் கேட்கும்படி.